மின்னணுப் பொருளைச் சந்தைக்குக் கொண்டு போகும் வரிசை: அகியோ மோரிட்டாவிடம் கற்ற பாடங்கள், படிப்படியாக

மேசையில் சர்க்யூட் ஓடுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இனி இதை ஒரு பொருளாக்கி விற்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் இரண்டு பொருள்களைக் கடைசிவரை கொண்டு போயிருக்கிறேன். அதன் பிறகு, புதிதாகத் தொடங்கிய பலரோடு உட்கார்ந்து அவர்கள் கணக்கைப் பார்த்திருக்கிறேன். சர்க்யூட்டில் தோற்றவர்கள் குறைவு. வேலைகளை முன்பின்னாகச் செய்து பணம் தீர்ந்துபோனவர்கள்தான் அதிகம். பெட்டிக்கு அச்சு (பிளாஸ்டிக்கை வார்க்கும் உலோக அச்சு) வெட்டிய பிறகு விலையை யோசிப்பார்கள். ஆர்டரை வாங்கிய பிறகு மாதத்துக்கு எத்தனை செய்ய முடியும் என்று எண்ணுவார்கள்.

மசாரு இபுக்காவோடு சேர்ந்து 1946-இல் சோனியைத் தொடங்கிய அகியோ மோரிட்டாவின் முடிவுகளைப் பல படிகளில் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அந்த நிறுவனமும் முதலில் வரிசை தவறித்தான் தொடங்கியது. அதைத் திருத்திக்கொண்ட விதம்தான் நமக்கு வேண்டியது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களைத் தவிர இன்னொருவர் உங்கள் உதவியில்லாமல் ஒரு வாரம் பயன்படுத்திய முன்மாதிரி ஒன்று. நீங்கள் பக்கத்தில் நின்று இயக்கிக் காட்டியது கணக்கில் வராது.

முழுப் பாகப் பட்டியல். ரெசிஸ்டரிலிருந்து திருகு வரை, ஒவ்வொன்றுக்கும் எங்கே கிடைக்கும், குறைந்தது எத்தனை வாங்க வேண்டும், வந்துசேர எத்தனை வாரம் என்ற மூன்று குறிப்புகளோடு. பெரும்பாலானவர்கள் விலையை மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் வேலையை நிறுத்துவது வாரக்கணக்குதான். நாற்பது பாகம் வந்து, ஒரு கனெக்டர் வராவிட்டாலும் ஒரு போர்டுகூட வெளியே போகாது.

விற்பனையையும் பணத்தையும் பார்க்க ஒருவர். சோனியில் இபுக்கா பொருளைப் பார்த்தார். மோரிட்டா இயற்பியல் படித்தவர்தான், ஆனால் விற்பனையையும் பணத்தையும் அவர் தோளில் எடுத்துக்கொண்டார். தனி ஆளாகத் தொடங்கினால், வாரத்தில் இரண்டு நாள் சாலிடரிங் அயர்னைத் தொடாமல் இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும்.

அப்புறம், நடைமுறைப் பணம். பாகங்களுக்கு முன்பணம் கொடுப்பீர்கள். டீலர் உங்களுக்குத் தருவது 60, 90 நாள் கழித்து. நடுவில் உள்ள காலத்துக்கு வாடகையும் சம்பளமும் எங்கிருந்து வரும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். இந்தத் தாள் இல்லாமல் முதல் படிக்கே போக வேண்டாம்.

1. யார், எந்த வேலைக்காக வாங்குவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அப்போது வேறு பெயரில் இருந்த சோனி 1950-இல் ஜப்பானில் டேப் ரெக்கார்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. எடை 35 கிலோவுக்குக் குறையாது, விலை 160,000 யென்னை ஒட்டி. கேட்டவர்கள் எல்லாரும் தங்கள் குரலைத் தாங்களே கேட்டு மகிழ்ந்தார்கள். யாரும் வாங்கவில்லை. நல்ல பொருளைச் செய்துவிட்டால் போதும், ஆர்டர் தானாக வரும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்.

பிறகு மோரிட்டா கேள்வியை மாற்றினார். இந்தக் கருவி இல்லாமல் இப்போது கஷ்டப்படுகிறவர் யார்? போருக்குப் பிந்தைய ஜப்பானில் நீதிமன்றங்களுக்குச் சுருக்கெழுத்தாளர்கள் போதவில்லை. அங்கே கொண்டு போனதும் 20 கருவிகள் விற்றன. அடுத்து, பள்ளிகளில் மொழி கற்பிக்கவும் கல்வி ஒலிபரப்புக்கும் தேவை இருப்பதைப் பார்த்து, அவர்களுக்கு ஏற்றபடி சிறிய, விலை குறைந்த கருவியைச் செய்தார்கள். விற்பனை அங்கேதான் நிலைபெற்றது.

இதை நீங்கள் செய்யும் முறை: உங்கள் பொருள் உதவும் என்று நினைக்கும் தொழிலில் பத்துப் பேரைப் பாருங்கள். கருவியைக் காட்டாதீர்கள். அந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறது, போன முறை தவறியபோது என்ன நஷ்டம் என்று கேளுங்கள். கருவியைக் காட்டிவிட்டால் பேச்சு உங்கள் கருவியைப் பற்றியதாக மாறிவிடும், அவர்கள் வேலை மறைந்துபோகும்.

அடிக்கடி நடக்கும் தவறு: “இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்பது. மரியாதைக்காக எல்லாரும் ஆமாம் என்பார்கள். ஒருவர் சிறு முன்பணம் தருகிறாரா, சோதனைக்குத் தன் இடத்தில் வைக்கச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். அந்தச் சம்மதத்துக்குத்தான் மதிப்பு.

2. விலையை வைத்துவிட்டுப் பாகங்களைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பாக விலையைக் கூட்டி, அதன் மேல் கொஞ்சம் லாபம் வைத்து விலை சொல்வார்கள். எதிர்த் திசையில் போங்கள். வாங்குபவர் கொடுக்கக்கூடிய விலையிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்.

வரி நீங்கலாகக் கடை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரும் விநியோகஸ்தரும் சேர்ந்து 35 எடுப்பார்கள். வாரண்டிக்கும் திரும்பி வருபவற்றுக்கும் 4. பெட்டி, கையேடு, அனுப்பும் செலவு 5. சம்பளம், வாடகை, விளம்பரம் 16. அடுத்த பொருளுக்கான லாபம் 10. மீதி 30. பாகம், அசெம்பிளி, சோதனை மூன்றும் இந்த 30-க்குள் அடங்க வேண்டும். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் கடைகள் வழியே விற்கும் பொருளுக்கு, செய்யும் செலவைப்போல் மூன்று மடங்குக்கும் கீழே கடை விலை இருந்தால் எங்கோ ஒரு செலவை மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

1979 ஜூலை 1 அன்று வாக்மேன், சோனியின் கையடக்க டேப் கருவி, 33,000 யென்னுக்கு வந்தது. இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையாக இருக்க வேண்டும் என்பதில் மோரிட்டா உறுதியாக நின்றார், பொருள் அந்த விலைக்குள் வரவேண்டியதாயிற்று. நிருபர்களுக்காக ஏற்கெனவே செய்துவந்த பிரஸ்மேன் என்ற சிறிய ரெக்கார்டரை எடுத்து, பதிவு செய்யும் பகுதியையும் ஸ்பீக்கரையும் நீக்கி, ஸ்டீரியோ ஒலியையும் இலேசான ஹெட்போனையும் சேர்த்தார்கள். பதிவு செய்ய முடியாத டேப் கருவியை யார் வாங்குவார் என்று நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது.

நீக்கிய இரண்டும் செலவையும் இடத்தையும் எடுப்பவை. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கிறவருக்கு இரண்டும் வேண்டாம். முதல் படியில் வேலையைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தால்தான் எதை நீக்கலாம் என்று தெரியும். அதனால்தான் அது முதலில், விலை இரண்டாவது.

விலைக் கணக்கில் விட்டுப்போகும் செலவுகள் எப்போதும் இவைதான்: சான்றிதழ் சோதனைக் கட்டணம், வீணாகும் போர்டுகள், ஒரு பொருளைச் சோதிக்க ஆகும் நிமிடங்கள், உள்ளே வைக்கும் கேபிளும் அடாப்டரும்.

3. முன்மாதிரியைத் தயாரிப்பாக மாற்றும்போது பெட்டியைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

அதிகப் பணம் வீணாவது இங்கேதான்.

முதல் பொருளின்போது நான் பெட்டியின் அச்சைச் சீக்கிரமே ஆர்டர் செய்துவிட்டேன். கண்காட்சிக்கு அழகான ஒன்றைக் கொண்டு போக ஆசை. அச்சு வந்த பிறகுதான் மின்காந்தக் கதிர்வீச்சுச் சோதனைக்கு, அதாவது கருவி வெளிவிடும் அலைகள் பக்கத்துக் கருவிகளைக் கெடுக்குமா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினேன். தேறவில்லை. பவர் சப்ளை பக்கம் ஃபில்டர் சேர்க்க வேண்டியிருந்தது, போர்டு 6 மில்லிமீட்டர் உயர்ந்தது, மூடி மூடவில்லை. அச்சைத் திருத்த இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதச் சம்பளம் அச்சின் விலையைவிட அதிகம்.

சரியான வரிசை இது. முதலில் போர்டு இயங்குகிறதா என்று பார்க்க ஐந்தாறு செய்யுங்கள். அதில் பிழை திருத்தி, அடுத்த பதிப்பைக் கடையில் கிடைக்கும் ஆயத்தப் பெட்டியிலோ 3டி பிரிண்டரில் செய்த பெட்டியிலோ வையுங்கள். அந்த நிலையில் சோதனைக்கூடத்தில் அரை நாள் வாடகைக்கு எடுத்து, சான்றிதழுக்கான முழுச் சோதனைக்கு முன் ஒரு முன்சோதனை செய்யுங்கள். வெப்பச் சோதனையும் அப்போதே. மூடிய பெட்டிக்குள், அதிகபட்சச் சுமையில், எட்டு மணி நேரம். இவை தேறிய பிறகு அச்சு. அச்சிலிருந்து வந்த பெட்டியோடு முழுச் சான்றிதழ்.

போர்டிலும் பெட்டியிலும் புதுமை ஒரே நேரத்தில் வேண்டாம். பிரஸ்மேனின் உடலையும் டேப் ஓட்டும் இயந்திரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டதால்தான் வாக்மேனைச் சில மாதங்களில் செய்ய முடிந்தது. உங்களிடம் பழைய பொருள் இல்லையென்றால், ஆயத்தப் பெட்டியிலேயே முதல் ஐநூறு விற்றுவிடலாம். அழகு குறைவுதான். ஆனால் வாங்குபவருக்கு வேலை நடந்தால் பெட்டியைக் குறை சொல்வது மிகக் குறைவு.

போர்டை இறுதி செய்யும் முன் மூன்றைப் பாருங்கள். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் செய்யும் பாகம் எத்தனை இருக்கிறது? முடிந்தவரை மாற்றுப் பாகம் பொருந்தும்படி தடங்களை வரையுங்கள். கனெக்டர்கள் தலைகீழாகச் செருக முடியாதவையா? கைமாறிச் செருகி எரிந்த போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சோதனைப் புள்ளிகள் (அளக்கும் முனையை வைக்கும் இடங்கள்) வெளியே எட்டுகின்றனவா? இல்லையென்றால் அடுத்த படி நரகமாகிவிடும்.

4. ஐம்பது செய்து பாருங்கள், நீங்கள் கை வைக்காமல்

சோதனைத் தயாரிப்புக்கு 50 போதும். ஆனால் அசெம்பிளி செய்பவர் எழுத்தில் உள்ள வழிமுறையை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால், உங்கள் தலையில் உள்ளது தாளுக்கு வரவே வராது. அவர் நின்று யோசிக்கும் ஒவ்வொரு இடமும் வழிமுறையில் எழுத வேண்டிய ஒரு வரி.

இதற்கு முன்பே சோதனைச் சாதனம் தயாராக இருக்க வேண்டும். போர்டை வைத்து அழுத்தினால் மின்னழுத்தங்களை அளந்து பச்சையோ சிவப்போ காட்டும் எளிய சட்டம் போதும். மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஒரு போர்டுக்குப் பத்து நிமிடம் போகும், மாலையில் கண் களைத்து தவறும் விடும்.

முதல் முயற்சியிலேயே தேறியவை எத்தனை என்று எழுதுங்கள். திருத்திய பிறகு தேறியவற்றை அதில் சேர்க்காதீர்கள். 50-இல் 41 தேறினால், ஒன்பதுக்கும் காரணத்தைத் தனித்தனியே கண்டுபிடித்த பின்தான் 51-ஆவதைச் செய்ய வேண்டும். ஒன்பதில் ஆறு ஒரே காரணமாக இருக்கும், பெரும்பாலும். ஒவ்வொன்றுக்கும் தொடர் எண் இட்டு, எந்தத் தேதி, எந்தத் தொகுதிப் பாகம் என்று பதிவு வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கெப்பாசிட்டர் தொகுதியில் குறை தெரிந்தால், எல்லாவற்றையும் திரும்ப அழைப்பதா, முப்பதை மட்டும் அழைப்பதா என்பதை இந்தப் பதிவேடுதான் சொல்லும்.

5. பெரிய ஆர்டர் வரும் முன்பே விலைப்பட்டியலை எழுதி வையுங்கள்

மோரிட்டாவிடம் நான் கற்றவற்றில் எனக்கு மிக உதவியது இதுதான்.

1955-இல் அவர் சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார். நூற்றைம்பது கடைகள் அளவுக்கு வைத்திருந்த ஒரு நிறுவனம் 5,000, 10,000, 30,000, 50,000, 100,000 ரேடியோக்களுக்குத் தனித்தனியே விலை கேட்டது. அப்போது சோனியால் மாதத்துக்கு ஆயிரம் ரேடியோகூடச் செய்ய முடியாது.

அவர் ஒரு வளைகோட்டை வரைந்தார். 5,000-க்கு வழக்கமான விலை. 10,000-க்குத் தள்ளுபடி, அதுதான் மிகக் குறைந்த விலை. 30,000-இல் விலை ஏறத் தொடங்கியது. 50,000-க்கு ஒன்றின் விலை 5,000-க்குச் சொன்னதைவிட அதிகம். 100,000-க்கு அதைவிடவும் அதிகம். வாங்க வந்தவர் திகைத்துப்போனார், இவ்வளவு ஆண்டுகளில் அதிகம் வாங்கினால் விலை கூடும் என்று யாரும் சொன்னதில்லை என்றார். மோரிட்டா விளக்கினார்: அவ்வளவு செய்ய ஆலையைப் பெரிதாக்கி, ஆட்களை எடுத்துப் பயிற்சி தர வேண்டும். அடுத்த ஆண்டு அதே ஆர்டர் வராவிட்டால் நிறுவனம் மூழ்கும். ஆகவே அந்தச் செலவு முழுவதும் இந்த ஒரே ஆர்டரில் திரும்ப வேண்டும். கடைசியில் அவர்கள் 10,000 வாங்கினார்கள்.

மாதம் ஆயிரம் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 12,000. பத்தாயிரம் என்பது ஏற்கெனவே உள்ள கொள்ளளவு நிரம்பும் அளவு. அதனால்தான் அங்கே விலை அடிமட்டம். நூறாயிரம் என்பது எட்டு ஆண்டு வேலை, ஒரே ஆண்டில் கேட்டால் அது வேறு ஓர் ஆலை.

உங்கள் வளைகோட்டை இப்படி வரையுங்கள்:

நாலாவது படியில் கிடைத்த எண்ணிலிருந்து, இப்போதுள்ள ஆட்களும் இடமும் சாதனங்களும் வைத்து மாதத்துக்குத் தேறி வெளியே போகக்கூடிய அளவை எழுதுங்கள். 200 என்று வைப்போம். அதில் 150 வரைதான் பேசலாம். மீதி, வீணாவதற்கும் பழுதுக்கும்.

ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டில் அந்தக் கொள்ளளவின் பாதி வரை போகும் ஆர்டருக்கு இயல்பான தள்ளுபடி. பாதியைத் தாண்டினால் தள்ளுபடி நின்றுவிட வேண்டும், ஏனெனில் மற்ற வாடிக்கையாளர்களை நீங்கள் திருப்பி அனுப்பப்போகிறீர்கள். முழுக் கொள்ளளவைத் தாண்டினால், புதிய சோதனைச் சாதனம், இரண்டாவது அசெம்பிளி மேசை, கூடுதல் ஆட்களின் ஆறு மாதச் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி அந்த ஆர்டரின் எண்ணிக்கையால் வகுத்து, விலையோடு சேருங்கள். அதோடு பாகங்களுக்கான தொகையை முன்பணமாகக் கேளுங்கள்.

மாதம் 200 செய்துவந்த ஓர் இளைஞரைத் தெரியும். நான்கு மாதத்தில் 3,000 கேட்ட ஆர்டரை 15 சதவீதத் தள்ளுபடியில் ஒப்புக்கொண்டார். கடன் வாங்கி இடம் எடுத்தார், ஆள் எடுத்தார், இரவு பகலாக வேலை பார்த்து முடித்துக் கொடுத்தார். பணம் 120-ஆவது நாளில் வந்தது. இரண்டாவது ஆர்டர் வரவில்லை. நல்ல பொருள், நேர்மையான உழைப்பு, ஆனாலும் கடையை மூடினார். ஒரு தாளில் வளைகோடு முன்பே இருந்திருந்தால், மேசையில் அந்த நேரத்தில் உற்சாகம் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்காது. வாங்குபவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கணக்கை யாராலும் நிதானமாகப் போட முடியாது.

6. பெயரைப் பதிவு செய்துவிட்டு, யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று யோசியுங்கள்

அதே 1955 பயணத்தில் பூலோவா என்ற அமெரிக்கக் கடிகார நிறுவனம் 100,000 ரேடியோ கேட்டது. தங்கள் பெயரைப் போட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. டோக்கியோவிலிருந்து ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள், மோரிட்டா மறுத்தார்.

நீங்களும் மறுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பிறர் பெயரில் செய்து கொடுப்பது சோற்றுக்கு வழி, தொழில் ஓட உதவும். ஆனால் அப்படிச் செய்யும்போது வாங்கியவர் யார், எங்கே குறை என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே ஆர்டரில் பாதிக்கு மேல் பிறர் பெயரில் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வையுங்கள். குறைகள் பற்றிய விவரம் உங்களுக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பெயர் சிறியதாக, எந்த மொழிக்காரரும் ஒரே மாதிரி உச்சரிக்கக்கூடியதாக இருக்கட்டும். வணிகச் சின்னத்தைப் பெட்டியின் அச்சில் பொறிக்கும் முன் பதிவு செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு மாற்றினால் அச்சையும் மாற்ற வேண்டும்.

7. முதல் நூறை நீங்களே விற்றுப் பாருங்கள்

புதிய வகைப் பொருளை விநியோகஸ்தர் விளக்கி விற்க மாட்டார். அவரிடம் நூறு பொருள் இருக்கும், கேட்டு வந்ததை எடுத்துக்கொடுப்பார். மோரிட்டா இதை அமெரிக்காவில் பார்த்தார். 1960-இல் அங்கே சொந்த விற்பனை நிறுவனத்தைத் தொடங்கி, 1963-இல் குடும்பத்தோடு நியூயார்க்குக்கே குடிபோனார்.

முதல் நூறுக்கு நீங்களே போங்கள். பொருத்திக் கொடுங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் கையேட்டின் முதல் பக்கம். நூறு முடிந்த பிறகு டீலரிடம் போனால், விற்கும் முறையையும் சேர்த்துக் கொடுக்க முடியும்.

விற்கும் முன்பே பழுது பார்க்கும் ஏற்பாடு வேண்டும். 100 விற்றால் 5 மாற்றுப் பொருள் அலமாரியில் இருக்கட்டும். பழுதானதை முதலில் மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளரைக் காக்க வைத்துக் காரணம் தேடினால் அவசரத்தில் தவறான காரணம்தான் கிடைக்கும்.

8. எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்த பிறகு அடுத்த பதிப்பு

முதல் வாக்மேனில் ஹெட்போன் துளை இரண்டு. தனியாகக் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்று நினைத்து, இருவர் சேர்ந்து கேட்கவும், பேச வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தவும் வசதி வைத்திருந்தார்கள். வாங்கியவர்களோ அதைத் தனக்கே உரிய பொருளாகத்தான் வைத்துக்கொண்டார்கள். பேசும் பொத்தான் பின்னாள் மாடல்களில் இல்லை. யோசனை மோரிட்டாவுடையது என்பதற்காக அதை விட்டுவைக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1975-இல் வந்த பீட்டாமேக்ஸ், சோனியின் வீட்டு வீடியோ பதிவு முறை, அதன் டேப் ஒரு மணி நேரம்தான் ஓடும். அடுத்த ஆண்டு ஜேவிசி நிறுவனத்தின் போட்டி முறையான விஎச்எஸ் இரண்டு மணி நேர டேப்போடு வந்தது. ஒரு முழுத் திரைப்படம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்காது. பீட்டாவின் நேரத்தைப் பிறகு கூட்டினார்கள், ஆனாலும் 1988-இல் சோனியே விஎச்எஸ் கருவிகள் செய்யத் தொடங்கியது. நேரம் மட்டுமே காரணமில்லை, எத்தனை நிறுவனங்கள் எந்தப் பக்கம் சேர்ந்தன என்பதும் பெரிய காரணம். ஆனால் முதல் படியின் கேள்வியை, அதாவது வாங்குபவரின் வேலை எவ்வளவு நீளம் என்பதை, அனுபவசாலிகளும் தவறவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதனால் இரண்டாவது பதிப்பின் வரைபடத்தை மூடும் முன், உங்கள் கருவி செய்யும் முக்கிய வேலையை ஒரு வரியில் எழுதுங்கள்: தொடக்கம் எது, முடிவு எது, எத்தனை நிமிடம். பேட்டரி, நினைவகம், கேபிளின் நீளம் மூன்றும் அந்த வேலையை நடுவில் நிறுத்தாமல் தாங்குகின்றனவா என்று, ஏற்கெனவே வாங்கிய ஐந்து பேரின் இடத்துக்குப் போய், அவர்கள் கையில் பாருங்கள். அப்புறம் போர்டை அனுப்பலாம்.